முன் சக்கரத்துக்கு வைத்த பொட்டு

திருமலை எதில் ஏறுவதாக இருந்தாலும் முதலில் அதைக் குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். படகு என்றால் விளிம்பில், பஸ் என்றால் படிக்கட்டில். அழுத்திவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்து, அது ஏதோ பதில் சொல்வதைக் கேட்பவர்போல நிற்பார். பிறகுதான் ஏறுவார். பின்னால் நிற்பவர்கள் திட்டுவது அவர் காதில் விழாது.

ரத்னா இதை முதன்முதலில் பார்த்தது தன் கல்யாணத்தில். மாலையும் கழுத்துமாக வந்த மாப்பிள்ளை, மணமேடையின் ஓரத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு பலகை ஆடுகிறது என்றார். ஆள் வந்து கட்டை செருகிய பிறகுதான் மேடை ஏறினார். பெண் வீட்டுக்காரர்கள் அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த ரத்னாவுக்கு மட்டும், இந்த ஆளோடு போனால் விழமாட்டோம் என்று தோன்றியது. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எதையுமே சீக்கிரம் சொல்லிவிடுகிற பெண் இல்லை அவள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வலை பின்ன உட்கார்ந்தவள். நாலு பேர் பேசும் இடத்தில் வாயைத் திறந்தால் தப்பாக ஏதாவது வந்துவிடும் என்று ஒரு பயம். ஆனால் பார்ப்பதை எல்லாம் பார்த்து வைத்துக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு முன்னால் திருமலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பொன்னேரியில் ரயில் பிடித்துப் போய் வருவார். வேலை செய்யும் இடத்துக்கு மேலே பெரிய கிரேன் ஒன்று சூடான இரும்பைத் தூக்கிக்கொண்டு போகும். அதை எங்கே அழுத்திப் பார்ப்பது? தலைக்கு மேலே போவதை நம்பிக் கீழே நிற்க முடியாது என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்கே திரும்பி வந்தார். அதற்கப்புறம் ஏரியும் கடலும்தான். நடுநடுவே மீன் ஏற்றும் குட்டியானை வண்டியும் ஓட்டினார்.

அவர்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல்மேட்டில் இருக்கிறது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து குப்பத்துக்கு வர, முதலில் ஒரு தரைப்பாலம், அப்புறம் வெறும் மணல். மற்ற நாட்களில் நடந்தே கடந்துவிடலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் தரைப்பாலத்தின் மேல் ஏரித் தண்ணீர் ஏறிக்கொள்ளும். படகில்தான் போக்குவரத்து. காற்று அடித்தால் அதுவும் இல்லை.

அதெல்லாம் பழகிப்போன விஷயம். துர்காதேவிக்கு உடம்பு கெட்ட பிறகுதான் பழகியது பழகாததாக ஆனது.

துர்காதேவி திருமலையின் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். ரத்னா பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிற வாயாடி. இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கால் வீங்கியது, அப்புறம் முகம் வீங்கியது. கிட்னி இரண்டும் நின்றுவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். முதல் நாள் அவளைப் படுக்கச் சொன்னபோது திருமலை முன்னால் போய்க் கட்டிலை முழங்காலால் அழுத்திப் பார்த்தார். நர்ஸ் முறைத்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போயிற்று. தரைப்பாலம் முழுகிக் கிடந்தது. காற்றில் எந்தப் படகும் ஏரியில் இறங்கவில்லை. மறுநாள் துர்காதேவியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ரத்னா தன் மார்பில் அவளைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று கொஞ்சம் தணிந்ததும் திருமலை தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் போட்டார். அன்றைக்கு அவர் படகை அழுத்திப் பார்க்கவில்லை. ரத்னா அதைக் கவனித்தாள்.

துர்காதேவி பிழைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் நேராகவே சொன்னார்.

இரண்டு படகில் ஒன்றை விற்றுவிட்டு, மணலிலும் தண்ணீரிலும் போகிற பழைய வண்டி ஒன்று வாங்குவது என்று திருமலை முடிவு செய்தார். புரட்டாசி பிறக்கும் முன் ரத்னாவை அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனார். சிப்காட்டுக்குப் பின்னால் பழைய வண்டிகள் வாங்கி விற்கும் பார்த்திபன் என்பவரின் இடம். முன்பக்கம் இரண்டு வரிசையாக ஆள் உட்காரவும் பின்பக்கம் சாமான் ஏற்றவுமான ஒரு பச்சை வண்டி அங்கே நின்றது. தேர்வாய் கண்டிகையில் ஏதோ கம்பெனி கட்டும்போது சேற்றிலும் சகதியிலும் ஓடிய வண்டி என்று பார்த்திபன் சொன்னார்.

"அண்ணாத்த, இது போர்வீலு வண்டி. நாலு வீலும் இழுக்கும்."

"எல்லா வண்டிக்கும் நாலு வீலுதான?" என்றார் திருமலை.

"இருக்கும். ஆனா பின்னாடி ரெண்டுதான் இழுக்கும். முன்னாடி ரெண்டும் சும்மா கூட வரும். இதுல அதுவும் இழுக்கும்."

திருமலை யோசித்தார். "அப்ப இத்தினி வருசமா நான் ஓட்டுன வண்டில முன்வீலு சும்மாவா வந்துகினு இருந்துச்சி?"

"ப்ரீ பாஸ் வாங்கிகினு வந்துச்சி," என்று பார்த்திபன் சொல்லிச் சிரித்தார்.

திருமலைக்கு எதை அழுத்திப் பார்ப்பது என்று விளங்கவில்லை. படியை அழுத்தினார். பம்பரை அழுத்தினார். வண்டி லேசாக ஆடி நின்றது. அது சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை என்பது ரத்னாவுக்கு அவர் முகத்தில் தெரிந்தது. படகு என்றால் ஒரு மிதியில் எல்லாம் சொல்லிவிடும். இது வாயை மூடிக்கொண்டு நின்றது.

பார்த்திபன் ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்னால் வின்ச் இருந்தது. கம்பிக் கயிறு சுற்றிய உருளை. வண்டி மாட்டிக்கொண்டால் எதிலாவது கொக்கியை மாட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். ஜாக்கி, ஸ்டெப்னி, மஞ்சள் விளக்கு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி. அதை இழுத்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு பச்சை லைட் எரிந்தது. லைட் எரிந்தால் நாலும் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டிக் காட்ட ஒரு டிரைவர் வந்தார். நாயுடுபேட்டைப் பக்கத்து ஆள். எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டார்கள். பின்பக்கம் குவித்திருந்த மண்மேட்டின்மேல் ஏற்றிக் காட்டுவதாகச் சொன்னார். வண்டியில் ஏறுமுன் அவர் இடது முன் சக்கரத்தின் எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் நடுவில் கை வைத்தார். எழுந்து நெற்றியைப் புறங்கையால் தொட்டுக்கொண்டார். வலது பக்கம் போய் அதேபோல் செய்தார். திருமலையின் முகம் அப்போதுதான் தெளிந்தது. படகைத் தள்ளுவதற்கு முன்னால் அதன் முன்மூக்கான அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் குப்பத்தில் யாரும் இறங்கமாட்டார்கள். இந்த ஆளுக்கும் அந்தப் பயபக்தி இருக்கிறது. அவர் ரத்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

வண்டி மண்மேட்டில் உறுமிக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்தது. இறங்கிய நைனா மறுபடியும் இரண்டு முன் சக்கரங்களின் முன்னும் குந்தி எழுந்தார். ரத்னா அதையும் பார்த்தாள். மனசில் எங்கேயோ ஒரு முடிச்சு விழுந்தது. என்ன முடிச்சு என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் திருமலை வண்டியில் ஏறி, தார் ரோட்டில் ஓட்டி, குட்டைக் கம்பியை இழுத்து, லைட் எரிவதைப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பி வந்துவிட்டார்.

வண்டி கைக்கு வந்ததும் நேரே பெரியபாளையத்துக்கு விட்டார்கள். பவானி அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, பூசாரி கண்ணாடியிலும் பானெட்டிலும் மஞ்சள் குங்குமம் வைத்தார். முன் சக்கரத்துக்கும் வைக்கும்படி திருமலை கேட்டுக்கொண்டார். சக்கரத்தின் நடுவே வட்டமாக ஒரு மூடி இருந்தது. அதன் மத்தியில் ஒரு சின்னப் பள்ளம். பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல இருந்தது.

குப்பத்தில் புதுப் படகை யாரும் உடனே நம்பிவிடமாட்டார்கள். முதலில் வெறும் படகை இறக்குவார்கள். அடுத்து மணல்மூட்டை ஏற்றி இறக்குவார்கள். கடைசியில்தான் ஆள். வண்டிக்கும் அதையே செய்வது என்று திருமலை சொல்லிவிட்டார். தரைப்பாலம் தாண்டியதும் மணலில் பலகை பரப்பி, வெறும் வண்டியை அதன்மேல் வீடுவரை உருட்டிக் கொண்டுவந்தாயிற்று; அடுத்தது மூட்டை. துர்காதேவி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இப்போதே உட்கார்ந்து ஒரு ரவுண்டு போகலாமே என்றாள். மூட்டை போய் வந்தப்புறம்தான் அவள் என்று அண்ணன் சொன்னார்.

"எனக்கு முன்னால மூட்டைக்கு மரியாதை," என்றாள் அவள்.

தனக்குத் தெரிந்ததை எல்லாம் திருமலை அழகாகச் சோதித்தார். வின்ச்சின் கம்பிக் கயிற்றை, யாரும் அதுவரை அவிழ்க்காத கடைசிச் சுற்றுவரை உருவி மணலில் நீட்டிப் போட்டார். வெளியே பளபளவென்று இருந்த கயிறு உள்சுற்றில் துருப்பிடித்து முள்முள்ளாக நின்றது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்தார். குப்பத்தில் கொக்கி மாட்ட மரம் எங்கே இருக்கிறது? அதனால் படகின் நங்கூரம் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டார். மணலில் புதைத்து அதில் மாட்டிக்கொள்ளலாம். ஜாக்கியை வைத்துத் தூக்கிப் பார்த்தார். வண்டி எழும்புவதற்குப் பதில் ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. உடைந்த படகின் பலகைத் துண்டு ஒன்றை அதற்கு அடியில் வைக்க ஏற்பாடு செய்தார். உப்புக்காற்றுக்கு முன்னால் எந்த இரும்பும் நிற்காது என்பதால், கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு திறந்து கிடந்த இடத்தில் எல்லாம் அப்பினார். முன் சக்கரத்து மூடியின் பள்ளத்தையும் உப்பு இறங்காதபடி கிரீஸால் அடைத்தார். அதன்மேல் புதிதாகக் குங்குமம் வைத்தார். நைனா செய்ததுபோல இரண்டையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மணல்மூட்டைகளோடு சோதனைக்குப் புறப்பட்டார்.

குப்பமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. குட்டைக் கம்பியை இழுத்தார், பச்சை லைட் எரிந்தது. வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. இளக்கமான மணல் வந்ததும் பின் சக்கரங்கள் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. மணல் பின்னால் நின்றவர்கள் முகத்தில் அடித்தது.

பக்கத்து வீட்டுச் சடையப்பன் திருமலைக்கு மச்சான் முறை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா மச்சான், கெணறு தோண்டற மிஷினு வாங்கிகினு வந்தியா?"

நங்கூரத்தைப் புதைத்து, வின்ச்சை ஓட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். நங்கூரம் நின்றது, கயிறு நின்றது. அவர் சோதித்த எல்லாம் சரியாக வேலை செய்தன. வண்டி மட்டும் ஏறவில்லை. மறுபடி விட்டார், மறுபடி உட்கார்ந்தது. மூட்டை அதிகம் என்று ஒருவர் சொன்னார். மூட்டை போதாது, பின்னால் பாரம் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். டிராக்டர் ஓட்டிய ஒருவர் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்ததும் முன்னைவிடக் கொஞ்ச தூரம் கூடப் போய்ப் புதைந்தது. அதில் குழப்பம் இன்னும் கூடியது. காற்றா, பாரமா, கியரா, ஓட்டுகிற ஆளா? பார்த்திபனுக்குப் போன் போட்டதற்கு, லைட் எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றார் திருமலை. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், மணல் ஓட்டிப் பழகவேண்டும் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ரத்னா ஓரமாக நின்று சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சக்கரங்கள் பைத்தியம் பிடித்ததுபோலச் சுற்றின. முன் சக்கரங்கள் அசையாமல் நின்றன. பார்த்திபன் சொன்ன, சும்மா கூட வருகிற சக்கரங்கள்போல. ஆனால் லைட் எரிகிறதே. லைட் பொய் சொல்லுமா? அவ்வளவு பேரும் வண்டியைப் பற்றிப் பேசும்போது தான் பார்த்ததைப் போய் என்னவென்று சொல்வது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் திருமலை பேசுவதையே குறைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் வண்டியிடம் போவார். பூசையில் குறை இருக்குமோ என்று ஒரு எண்ணம் அவருக்கு. முன் சக்கரங்களைத் துடைத்து, மஞ்சள் குழைத்துப் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மணலில் விடுவார். உட்காரும். வின்ச்சில் இழுத்துக்கொண்டு வருவார். படகும் ஒன்று போய்விட்டது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் துர்காதேவி மணலில் நடந்து போகும்போது, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். கேலி பேசமாட்டாள்.

ஒரு காலை ரத்னா வாசலில் உட்கார்ந்து நாஷ்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். திருமலை சக்கரத்தைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போனார். புதைந்து, இழுபட்டு, திரும்பி வந்தார். இறங்கி, சக்கரத்தைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். ரத்னாவின் கை நின்றது. அன்றைக்கு விழுந்த முடிச்சு எது என்று இப்போது தெரிந்தது.

துர்காதேவியிடம்தான் அவளுக்குப் பேச வரும். உள்ளே போய் மெதுவாகச் சொன்னாள். "அந்த நைனா போவசொல்லயும் கும்புட்டாரு. வந்தப்புறமும் கும்புட்டாரு. கரைக்கு வந்த படகை நம்மள்ல யாரு கும்புடறாங்க?"

துர்காதேவி அவளையே பார்த்தாள். கரைக்கு வந்தால் எவனும் படகைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மீனைப் பார்ப்பான், இல்லை வீட்டைப் பார்ப்பான். அவள் உடனே பார்த்திபனுக்குப் போன் போட்டு அதட்டி நைனாவின் நம்பரை வாங்கினாள். அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை ரத்னாவின் கையில் திணித்தாள்.

"நீதான பாத்த அண்ணி. நீயே கேளு."

முன்பின் பழகாத ஆம்பிளையோடு ரத்னா போனில் பேசியதே இல்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த திருமலை என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தார். தான் யார் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள். "அன்னிக்கி வண்டிய மண்ணுல ஏத்தறதுக்கு முன்னாடி முன்சக்கரத்தைத் தொட்டு கும்புட்டீங்களே. வந்தப்புறமும் கும்புட்டீங்க. அது எதுக்குங்க?"

அந்தப் பக்கம் நைனா சிரித்துவிட்டார்.

"கும்புடறதா? நான் சர்ச்சுக்குப் போறவன்மா. வீலைப் போயி கும்புடுவனா? லாக்கு போட்டேன்."

ரத்னாவுக்குப் புரியவில்லை. நைனா பொறுமையாகச் சொன்னார். சக்கரத்தின் நடுவே இருக்கிற மூடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் முன் சக்கரம் உள்ளே இருக்கிற தண்டோடு சேர்ந்து சுற்றும். பூட்டாவிட்டால் குட்டைக் கம்பியை இழுத்ததும் உள்ளே தண்டு சுற்றும், லைட்டும் எரியும், சக்கரம் மட்டும் சும்மா இருக்கும். மண்ணில் இறங்குமுன் இரண்டு பக்கமும் பூட்டவேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் திறந்துவிட வேண்டும். அதனால்தான் வந்தபிறகும் குந்தினார். நெற்றியில் கை வைத்தது வேர்வையைத் துடைக்க. பார்த்திபன் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் சொல்லியிருப்பார் என்று பார்த்திபன் நினைத்திருக்கலாம்.

ரத்னா போனைக் கீழே வைத்தாள். துர்காதேவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"தெனம் தொட்டேன்," என்றார் திருமலை. "திருப்பல."

எழுந்து வெளியே போனார். மஞ்சளும் குங்குமமும் கிரீஸும் சேர்ந்து காய்ந்து, பள்ளத்தின்மேல் தடிமனான அடையாக இறுகியிருந்தன. தெய்வத்துக்கு வைத்ததைச் சுரண்டுவது எப்படி என்று அவர் கை தயங்கியது. ரத்னா வலை அறுக்கும் கத்தியை எடுத்து வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தானே சுரண்டினாள். அடியில் விரலால் பிடித்துத் திருப்புகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை இருந்தது. சுற்றி இங்கிலீஷ் எழுத்துகள். இடது பக்கத்துத் திருகு கையாலேயே திரும்பியது. வலது பக்கம் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, குறடால் பிடித்துத் திருப்பியபோது டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. திருமலை தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். வண்டி அவரோடு முதன்முதலாகப் பேசியது அப்போதுதான் என்று ரத்னாவுக்குப் பட்டது.

மூட்டைகளோடு மணலில் விட்டார். இளக்கமான இடம் வந்தது. முன் சக்கரங்கள் மணலைப் பிடித்து இழுத்தன. வண்டி முனகிக்கொண்டே மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் போய் நின்றது. சடையப்பன் கையைத் தட்டிவிட்டு, கிணற்றை மூடியாகிவிட்டது என்று அறிவித்தார்.

திருமலைக்கு நிம்மதி வரவில்லை. லைட் எரிந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால், வண்டியில் இன்னும் எது எது அப்படி இருக்கிறது? பிரேக் லைட், ஹாரன், எண்ணெய் அளவு காட்டும் முள், எல்லாவற்றின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வேலை செய்யவிட்டுப் பார்த்தார். ரத்னாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, முன் சக்கரம் சுற்றுகிறதா என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் நம்பினார். அவள் இப்போது சத்தமாகவே சொன்னாள்.

மழை ஒரு வியாழக்கிழமை பிடித்துக்கொண்டது. வெள்ளி காலையில் ஏரி ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது, படகு எதுவும் இறங்கவில்லை. துர்காதேவி பிளாஸ்டிக் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். திருமலை மழையில் குந்தி இரண்டு திருகையும் பூட்டினார். பிறகு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டிப் படியைக் குதிகாலால் அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னா சொல்லுது?" என்றாள் துர்காதேவி.

"தெர்ல. ஏறு."

மணலைக் கடந்தார்கள். தரைப்பாலம் வந்ததும் நிறுத்திவிட்டு, படகு தள்ளுகிற கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆழம் பார்த்து நடந்து போய்த் திரும்பினார். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. ரத்னா பின் சீட்டில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது சுற்றியது. தார் ரோடு ஏறியதும் திருமலை இறங்கித் திருகுகளைத் திறந்துவிட்டார். மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்தப்புறம் எதற்கு என்று துர்காதேவி கேட்டாள். நைனா செய்தாரே என்றார். அது வேர்வை என்று அவள் சொன்னாள். தெரியும் என்றார்.

எது வண்டியை ஏற்றுகிறது என்று யாராவது கேட்டால் அவருக்கு இன்னும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. திருகு என்பார். டயர் காற்றும் என்பார். கொஞ்சம் நிறுத்தி, அம்மனும்தான் என்பார். மூன்றில் எதையும் விட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

இப்போது மார்கழி. மழை ஓய்ந்துவிட்டது. இந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு நாள் தரைப்பாலத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்ததால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து படகில் போனார்கள். மற்ற எல்லாச் செவ்வாயும் வெள்ளியும் வண்டிதான் போயிற்று. துர்காதேவிக்கு ஒரு தடவையும் தவறவில்லை. வலது பக்கத்துத் திருகு இன்னும் கையால் திரும்புவதில்லை. குறடு சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பொட்டை ரத்னா இப்போது பானெட்டில் வைக்கிறாள்.